நிலவுத் தெய்வமும் மாத வட்டியும்

பண்டைய கிரேக்கர்கள் நிலவைச் செலீனி என்னும் பெண் தெய்வமாகக் கண்டார்கள். அவளைப் பற்றிய கதைகள் ஐரோப்பியக் கவிதையிலும் ஓவியத்திலும் இன்றளவும் உலவுகின்றன. ஆயினும், ஏதென்ஸ் நகரில் அதீனாவுக்குப் பார்த்தினான் இருந்ததைப்போல, செலீனிக்குப் புகழ்பெற்ற கோயில் எதுவும் இருந்ததில்லை. கோயிலின் உயரத்தைக் கொண்டு தெய்வத்தின் செல்வாக்கை அளப்பவர்கள், அவளைச் சிறு தெய்வம் என்று ஒதுக்கிவிடக்கூடும். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். மக்கள் எந்த நாளில் படையலிட்டார்கள், எந்த நாளில் கடனுக்கு வட்டி கட்டினார்கள், எந்த நாளைக் கண்டு அஞ்சினார்கள் என்று கேட்டுப் பார்த்தால், செலீனியின் ஆட்சி எத்தனை பெரியது என்பது விளங்கும்.

முதலில் அவளது பிறப்பு. ஹைபெரியோன், தெயா என்னும் டைட்டன்களுக்குப் பிறந்த மூவருள் செலீனி ஒருத்தி என்கிறார் பழம்பெரும் கவிஞர் ஹெசியோட். சூரியனாகிய ஹீலியோஸ் அவளுடைய சகோதரன். வைகறையாகிய ஈயோஸ் சகோதரி. குதிரைகள் பூட்டிய தேரில் அவள் இரவு வானைக் கடந்து செல்வதாக நம்பினார்கள். பார்த்தினான் கோயிலின் கிழக்கு முகப்பில் ஒரு மூலையில் ஹீலியோஸின் குதிரைகள் எழுகின்றன. மறு மூலையில் செலீனியின் தேர் மறைகிறது. இரவெல்லாம் ஓடிக் களைத்து வாய் பிளந்து நிற்கும் அவளது குதிரையின் தலை, இன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

செலீனியின் கதைகளுள் புகழ்பெற்றது எண்டிமியோனின் கதை. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியிலுள்ள லாட்மோஸ் மலைக் குகையில், மூப்பும் சாவும் இன்றி என்றென்றும் உறங்கும் அழகிய இளைஞன் அவன். செலீனி வானிலிருந்து இறங்கி வந்து அவனைக் காண்கிறாள். கிரேக்கத்தின் எலிஸ் பகுதியிலோ இக்கதை வேறு வடிவம் பெற்றது. அங்கே எண்டிமியோன் ஓர் அரசன். அவனுக்கும் செலீனிக்கும் 50 பெண் மக்கள் பிறந்ததாகச் சொல்லப்பட்டதை, கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பயணி பௌசானியாஸ் பதிவு செய்திருக்கிறார். ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்ற ஒலிம்பியா, எலிஸ் பகுதியில்தான் இருக்கிறது. ஒரு விளையாட்டுக்கும் அடுத்த விளையாட்டுக்கும் இடையே 49 அல்லது 50 நிலவு மாதங்கள் வரும். அந்த 50 பெண்களும் இந்த மாதங்களே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். காதல் கதைக்குள் ஒரு நாட்காட்டி ஒளிந்திருக்கிறது.

வழிபாட்டிலும் நாட்காட்டியே முதன்மை பெற்றது. செலீனிக்கென அமைந்த திருத்தலங்கள் மிகச் சிலவே. எலிஸ் நகரச் சந்தையில் சூரியனுக்கும், தலையில் கொம்புகள் முளைத்த நிலவுக்கும் கற்சிலைகள் இருந்ததாகப் பௌசானியாஸ் எழுதுகிறார். காலப்போக்கில் வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸ், முச்சந்தித் தெய்வமான ஹெக்கேட்டி ஆகியோருடன் செலீனி இணைத்து எண்ணப்பட்டாள். ஆனால், ஒவ்வொரு மாதமும் இளம்பிறை தோன்றும் முதல் நாள் ஏதென்ஸில் புனித நாளாகவே விளங்கியது. 'நூமேனியா' எனப்பட்ட அந்நாளில் வீடுகளில் நறும்புகை இட்டு வணங்கினார்கள். நகரின் மக்கள் மன்றம் அன்று கூடுவதில்லை.

தமிழில் 'திங்கள்' என்ற ஒரே சொல் நிலவையும் மாதத்தையும் குறிக்கிறது. கிரேக்க மொழியிலும் மாதத்தைக் குறிக்கும் சொல்லும் நிலவின் பழம்பெயர்களுள் ஒன்றும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. மாதம் என்று வந்துவிட்டால் அதன் கடைசி நாளும் வந்துவிடும் அல்லவா? ஏதென்ஸ் மக்கள் அந்த நாளைப் 'பழையதும் புதியதும்' என்று அழைத்தார்கள். அப்பெயரைச் சூட்டியவர் சட்டமியற்றிய சோலோன் என்கிறது மரபு. வட்டி கட்டவேண்டிய நாள் அது. அங்கே வட்டி, மாதக் கணக்கில் பேசப்பட்டது. 100 டிராக்மா கொண்ட ஒரு மினாவுக்கு மாதம் ஒரு டிராக்மா என்பது பரவலான விகிதம். ஆண்டுக்கு 12 விழுக்காடு. அதை 'ஒரு டிராக்மா வட்டி' என்றே அவர்கள் குறிப்பிட்டார்கள். நம் ஊர்களில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்பதை 'ஒரு வட்டி' என்று சொல்வதை நினைவுபடுத்திக்கொண்டால் போதும், விளக்கம் தேவைப்படாது.

கி.மு. 423-இல் அரங்கேறிய அரிஸ்டோஃபேனஸின் 'மேகங்கள்' நாடகத்தில், மகனின் குதிரைப் பித்தால் கடனில் மூழ்கிய முதியவர் ஒருவர் வருகிறார். நிலவு தேய்வதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அடிவயிறு கலங்குகிறது. தெசலி நாட்டுச் சூனியக்காரி ஒருத்தியை விலைக்கு வாங்கி, நிலவைக் கீழே இறக்கிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டால் என்ன என்று அவர் யோசிக்கிறார். நிலவு எழாவிட்டால் மாதம் பிறக்காது. மாதம் பிறக்காவிட்டால் வட்டி இல்லை. கடன்பட்டார் நெஞ்சத்தை இதைவிடத் துல்லியமாக எந்தப் பாடநூலும் எனக்குக் காட்டியதில்லை.

அதே நாடகத்தில் நிலவு ஒரு முறையீடும் அனுப்புகிறாள். தன் ஒளியால் தீப்பந்தச் செலவில் மாதத்துக்கு ஒரு டிராக்மாவாவது ஏதென்ஸ் மக்கள் மிச்சப்படுத்துகிறார்கள். பதிலுக்கு அவர்களோ நாள்களைக் குளறுபடி செய்து, விழா நாள் என்று நம்பி வரும் தெய்வங்களைப் பசியோடு திருப்பி அனுப்புகிறார்கள் என்கிறாள். அன்று நடுவர் மன்ற உறுப்பினருக்கு ஒரு நாள் படி அரை டிராக்மா. நிலவொளியின் மாத மதிப்பு இரண்டு நாள் படி என்று கணக்குப் போட்டுச் சிரித்திருப்பார்கள் பார்வையாளர்கள்.

மாத முடிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. வசதி படைத்தவர்கள் முச்சந்தியில் ஹெக்கேட்டிக்கு உணவு படைத்துவிட்டுச் செல்வார்கள். அதைக் கீழே வைப்பதற்கு முன்பே ஏழைகள் பறித்துக்கொள்வதாக, அதே நாடகாசிரியரின் 'செல்வம்' என்னும் நாடகம் சொல்கிறது. ஆக, நிலவில்லாத அந்த நாள்களில் கடன் கொடுத்தவர் கணக்கை எடுக்கிறார். கடன் வாங்கியவர் கலங்குகிறார். பசித்தவர் முச்சந்தியில் காத்திருக்கிறார். ஒரே நிலவு, மூவருக்கும் மூன்று வகையான மாதம்.

இவ்வாறு நிலவைக் கேலி செய்ய ஏதென்ஸில் இடம் இருந்தது. நிலவை விளக்குவதற்கு அந்த இடம் கிடைக்கவில்லை. நிலவு சூரியனிடமிருந்தே ஒளி பெறுகிறது என்று எடுத்துரைத்த அனக்ஸகோரஸ், தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. அவருடைய விளக்கம் சிலருக்குள் மட்டுமே மெல்லிய குரலில் பரவியது என்று பிற்காலத்தில் புளூட்டார்க் எழுதினார்.

அந்த மௌனத்துக்குக் கொடுத்த விலை பெரிது. கி.மு. 413 ஆகஸ்ட் 27 அன்று, சிசிலித் தீவின் சிராகூஸ் நகருக்கு அருகே, தோல்வியின் விளிம்பில் இருந்த ஏதென்ஸ் படை கப்பலேறித் தப்பிச்செல்ல ஆயத்தமாக இருந்தது. அன்றிரவு முழுநிலவை கிரகணம் பிடித்தது. வீரர்களுள் பெரும்பாலோர் அஞ்சிப் புறப்பட மறுத்தார்கள். மும்முறை ஒன்பது நாள்கள் காத்திருக்கவேண்டும் என்ற குறிசொல்வோரின் வாக்கைத் தளபதி நிக்கியாஸ் ஏற்றுக்கொண்டார். அது ஏறத்தாழ நிலவின் ஒரு சுற்று. அதற்குள் எதிரிகள் துறைமுக வாயிலை அடைத்துக் கடற்படையை அழித்தார்கள். நிலவழியே தப்ப முயன்றவர்களுள் 7,000 பேருக்குக் குறையாமல் சிறைப்பட்டுக் கல் குவாரிகளில் அடைக்கப்பட்டார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். நிக்கியாஸ் கொல்லப்பட்டார். தப்பி ஓடுபவர்களுக்கு இருட்டு நல்ல சகுனம்தானே என்று பின்னாளில் ஓர் ஏதென்ஸ் அறிஞர் சுட்டிக்காட்டினார்.

இந்த அழிவுக்குச் செலீனியைக் குறை சொல்வதற்கில்லை. மாதத்தை வகுத்தும், விழாவுக்கு நாள் குறித்தும், பசித்தவருக்கு ஒரு வேளை உணவுக்கு வழி செய்தும் நிலவு வழிபாடு அந்தச் சமூகத்தை ஒழுங்குபடுத்தியது. கிரகணம் ஏன் நேர்கிறது என்பதை அறிந்தவர்களும் அதே தலைமுறையில் வாழ்ந்தார்கள். அவர்கள் அறிந்தது சந்தைக்கும் பாசறைக்கும் போய்ச் சேரவில்லை. அறிவு ஒரு நாட்டில் இருக்கிறதா என்று கேட்பது மட்டும் போதாது. அதை அச்சமின்றி உரக்கச் சொல்ல முடிகிறதா என்றும் கேட்டாகவேண்டும்.