ருஷியக் குடியானவரின் மர வீடு

1917-ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன்னர் ருஷிய நாட்டுக் குடியானவர் வாழ்ந்த மர வீட்டிற்கு 'இஸ்பா' என்று பெயர். அவ்வீட்டின் அமைப்பையும், அதில் வாழ்ந்தோரின் நிலையையும் இங்குச் சுருக்கமாக ஆராய்வோம்.

காடுகள் மிகுந்த பகுதிகளில் மரமே முக்கியக் கட்டடப் பொருளாயிற்று. பைன் மரங்களைக் கோடரியால் வெட்டி, முனைகளில் பள்ளம் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துப் பொருத்தினர். இடுக்குகளில் பாசியைத் திணித்துக் குளிர்காற்றைத் தடுத்தனர். வடபகுதியில் குடியிருக்கும் அறை, தொழுவம், வைக்கோற்பரண் யாவும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. ஆதலின், கடும் பனியிலும் வெளியே செல்லாமல் கால்நடைகளுக்குத் தீனியிட முடிந்தது. 1876-இல் கட்டப்பட்ட இத்தகைய வீடொன்றை ஒனேகா ஏரியிலுள்ள கிஷித் தீவின் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

அறையின் ஒரு கணிசமான பகுதியை அடைத்து நின்றது பெரிய அடுப்பு. ரொட்டி சுடவும், வீட்டை வெப்பமாக வைக்கவும் அதுவே பயன்பட்டது. முதியோரும் குழந்தைகளும் அதன்மேல் உறங்கினர். ஆனால் பல வீடுகளில் புகைபோக்கி இல்லை. புகை மேற்கூரையின் அடியில் திரண்டு, கதவு வழியாகவோ துளை வழியாகவோ வெளியேறிற்று. இதனால் வெப்பம் வீணாகாமல் விறகு மிஞ்சியது உண்மையே. எனினும் கண்ணும் நெஞ்சும் கெட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இவ்வழக்கம் முற்றிலும் நீங்கவில்லை.

வரி விதிப்பும் குடியிருப்பு முறையை மாற்றியது. 1679-இல் வீட்டுக்கு இவ்வளவு என வரி விதிக்கப்பட்டதும், பல குடும்பங்கள் ஒரே வீட்டினராகச் சேர்ந்துகொண்டன. பின்னர், 1724 முதல் ஆண் தலைக்கு இவ்வளவு என வரி தண்டப்பட்டது.

நிலத்தின் நிலைமை யாது? 1649-ஆம் ஆண்டுச் சட்டம் குடியானவரை நிலத்தோடும் நிலக்கிழாரோடும் பிணைத்தது. 1861-இல் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் நிலக்கிழாரின் பண்ணையாட்களை விடுவித்தார். ஆனால் பெற்ற நிலத்திற்கு 49 ஆண்டுகள் தவணைப் பணம் கட்ட வேண்டியிருந்தது. 1907-இல்தான் அச்சுமை நீங்கிற்று. வரிக்கும் தவணைக்கும் ஊர் முழுவதும் கூட்டாகப் பொறுப்பேற்றது. பல ஊர்களில் குடும்பத் தலைவர்களின் சபை நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிப் பங்கிட்டது. இது ஏற்றத்தாழ்வைக் குறைத்தது. ஆயினும் எருவிட்டுப் பண்படுத்திய துண்டு அடுத்த பங்கீட்டில் வேறொருவருக்குப் போகக்கூடும் என்றால், உழைக்க எவருக்கு மனம் வரும்?

வீட்டுச் சுவர் உறுதியாக இருந்தும் குடியானவர் வறுமையில் வாடினர். ஆகவே, கிராம வீட்டு வசதியைப் பற்றிச் சிந்திக்கும் பஞ்சாயத்து அன்பர்கள் கூரையோடு நின்றுவிடாமல், அடுப்புப் புகை, வரிச்சுமை, நில உரிமை ஆகிய மூன்றையும் சேர்த்தே ஆராய வேண்டும்.