விலை உயர்ந்த முகக் கிறீம்கள்: கொடுக்கும் பணத்துக்கேற்ற பலன் உண்டா?

கொழும்பின் பெரிய வணிக வளாகங்களிலும் கட்டுநாயக்க விமான நிலையத்தின் தீர்வையற்ற கடைகளிலும் கண்ணாடி அலுமாரிகளுக்குள் அடுக்கப்பட்டிருக்கும் சின்னஞ்சிறிய சாடிகளை நாம் காண்கின்றோம். முகத்தின் ஈரப்பசையைக் காப்பதாகவும் முதுமையைத் தள்ளிப்போடுவதாகவும் கூறி விற்கப்படும் வெளிநாட்டு முகக் கிறீம்களே அவை. உதாரணமாக, உலகப் புகழ்பெற்ற 'லா மெர்' கிறீமின் 30 மில்லிலீற்றர் சாடியொன்று அமெரிக்காவில் சுமார் 200 டொலருக்கு விற்கப்படுகின்றது. ஒரு டொலரை 300 ரூபா எனக் கொண்டால் அது 60,000 ரூபாவாகும். 2026 ஜனவரி முதல் எமது நாட்டின் தனியார் துறையினருக்கு நிர்ணயிக்கப்பட்டுள்ள தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா என்பதை எண்ணிப் பார்த்தால், உழைக்கும் பெண்ணொருவரின் இரண்டு மாத ஊதியம் அச்சிறு சாடிக்குள் அடங்கிவிடுகின்றது.

இத்தகைய கிறீம்களை வாங்குவோர் செல்வந்தர்கள் மாத்திரமல்லர். கனடாவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் விடுமுறையில் வரும் உறவினர் அன்பளிப்பாகக் கொண்டுவருகின்றனர். திருமணத்துக்கு ஆயத்தமாகும் யுவதிகள் சேமிப்பை உடைத்து வாங்குகின்றனர். விலை கூடினால் தரமும் கூடும் என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை. இந்த நம்பிக்கை எந்தளவுக்கு நியாயமானது என்பதை ஆராய்வதே எமது நோக்கம்.

முதலில் சருமத்தின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். எமது சருமத்தின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கை விடவும் மெல்லியதொரு படை உண்டு. இறந்த கலங்கள் செங்கற்களைப் போன்று அடுக்கப்பட்டு, அவற்றின் இடைவெளிகள் கொழுப்புப் பொருட்களால் சாந்து பூசியதைப் போன்று நிரப்பப்பட்டிருக்கும். உடலின் உட்புறத்திலிருந்து நீர் இப்படையின் ஊடாக ஓயாது ஆவியாகிக்கொண்டிருக்கின்றது. நீர் போதியளவு தங்கியிருந்தால் சருமம் மென்மையாக இருக்கும். அது குறைந்தால் சருமம் வரண்டு, சொரசொரப்பாகி, வெடிக்கவும் கூடும். நாள் முழுவதும் குளிரூட்டப்பட்ட அலுவலகங்களில் பணிபுரிவோர் இதனை அனுபவத்தில் அறிவர்.

சருமத்தை மென்மையாக்குவது எண்ணெய் அன்று, நீரே என்பதை அமெரிக்க ஆய்வாளரான இர்வின் பிளாங்க் 1952ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். காய்ந்து விறைத்த தோற்படையை எண்ணெயில் ஊறவைத்தபோது அது இளகவில்லை. நீரைப் பெற்றபோதே இளகியது. ஆகவே முகக் கிறீம் ஒன்றின் பணி மிக எளிமையானது. இருக்கின்ற நீரை வெளியேற விடாது காப்பதும், முடிந்தால் சிறிதளவு நீரை அப்படைக்குள் ஈர்த்து வைத்திருப்பதுமே அதன் கடமையாகும்.

இக்கடமையைச் செய்யும் பொருட்கள் மூவகைப்படும். கிளிசரின், யூரியா, ஹயலுரோனிக் அமிலம் போன்றன நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்வன. கலங்களின் இடைவெளிகளை நிரப்பிச் சருமத்தை வழுவழுப்பாக்கும் எண்ணெய்களும் கொழுப்புகளும் இரண்டாவது வகையின. மேற்பரப்பில் மெல்லிய போர்வையாகப் படிந்து நீர் ஆவியாவதைத் தடுக்கும் பெற்றோலியம் ஜெலி, கனிம எண்ணெய், மெழுகு ஆகியன மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. இவற்றில் பெரும்பாலானவை விலை மலிவான பொருட்களாகும். வஸலின் என்ற பெயரில் 1872இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, இன்று எமது கிராமத்துக் கடைகளிலும் கிடைக்கும் பெற்றோலியம் ஜெலி, சருமத்திலிருந்து நீர் வெளியேறுவதை 98 வீதத்துக்கும் மேலாகத் தடுக்க வல்லதெனச் சரும மருத்துவ நூல்கள் கூறுகின்றன. வேறெந்த எண்ணெயும் இதனை நெருங்குவதில்லை.

அப்படியாயின் ஆடம்பரக் கிறீம்களில் இருப்பது என்ன? 'லா மெர்' கிறீமை உருவாக்கியவர் மக்ஸ் ஹியூபர் என்ற பௌதிகவியலாளர். ஆய்வுகூட விபத்தொன்றில் ஏற்பட்ட தீக்காயத்தைக் குணப்படுத்த அவர் 12 ஆண்டுகளாக 6,000 பரிசோதனைகளை நடத்தினார் என்று அதன் விளம்பரங்கள் கூறுகின்றன. 1995இல் எஸ்டே லோடர் நிறுவனம் அதனை வாங்கியது. புளிக்கவைக்கப்பட்ட கடற்பாசிச் சாறே அதன் சிறப்பம்சமாகப் பேசப்படுகின்றது. ஆயினும் உறையில் அச்சிடப்பட்டுள்ள பட்டியலை வாசித்தால், அச்சாற்றுடன் கனிம எண்ணெயும் பெற்றோலியம் ஜெலியும் கிளிசரினும் மெழுகும் இருப்பதைக் காணலாம். 1911ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் விற்பனைக்கு வந்த நிவியா கிறீமின் நீலநிறத் தகர டப்பாவிலும் நீர், கனிம எண்ணெய், மெழுகு, கிளிசரின் என்பனவே காணப்படுகின்றன. இரண்டும் ஒன்றே என நாம் கூற முன்வரவில்லை. பதமும் வாசனையும் வேறுபடலாம். ஆனால் ஈரப்பசையைக் காக்கும் பணியை இரண்டிலும் செய்வன ஒரே குடும்பத்துப் பொருட்களே.

ஈரப்பசைக்கு அப்பால், கொலாஜன் என்ற புரதத்தைச் சருமத்துக்கு ஊட்டுவதாகச் சில கிறீம்கள் கூறுகின்றன. சருமத்தின் உறுதிக்குக் கொலாஜன் அவசியம் என்பது உண்மை. ஆனால் மேற்படையைக் கடந்து உட்செல்லக்கூடிய மூலக்கூற்றின் நிறை பொதுவாக 500 டோல்டனுக்கு மேற்படுவதில்லை என்பதை நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் 2000ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினர். முழுமையான கொலாஜன் மூலக்கூற்றின் நிறையோ ஏறத்தாழ 300,000 டோல்டன். அது சருமத்தின் மேற்பரப்பில் தங்கி ஈரப்பசையைக் காக்கலாமேயன்றி, உள்ளே சென்று சுருக்கத்தை நிரப்புதல் இயலாத காரியம்.

இங்கு சட்டம் சார்ந்த விடயமொன்றையும் கவனிக்க வேண்டும். 1938ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தின்படி, உடலின் அமைப்பையோ தொழிற்பாட்டையோ மாற்றுவதற்கென விற்கப்படும் பொருள் மருந்தாகும். மருந்தெனின் அதன் பலனும் பாதுகாப்பும் நிரூபிக்கப்பட வேண்டும். அழகுசாதனப் பொருளுக்கு அத்தகைய முன் அனுமதி தேவையில்லை. எனவே விளம்பரங்கள் 'இளமையான தோற்றம்' என்று பேசுகின்றனவேயன்றி, 'இளமை' என்று திட்டவட்டமாகக் கூறுவதைப் பெரும்பாலும் தவிர்க்கின்றன. இந்த எல்லையைத் தாண்டியோர் கண்டிக்கப்பட்டும் உள்ளனர். மரபணுக்களின் செயற்பாட்டைத் தூண்டுவதாகவும் மற்றும் பலவாறாகவும் விளம்பரம் செய்தமைக்காக லங்கோம் நிறுவனத்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதன் தாய் நிறுவனமான லோரியலின் அமெரிக்கக் கிளை, இவ்வாறான விளம்பரங்கள் தொடர்பில் 2014இல் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவுடன் இணக்கத்துக்கு வந்தது. சம்பந்தப்பட்ட லங்கோம் தயாரிப்பு 132 டொலர் வரையான விலைக்கு விற்கப்பட்டிருந்தது.

இதன் பொருள் எந்தவொரு தயாரிப்பிலும் பலனில்லை என்பதன்று. பிரித்தானியாவின் மஞ்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ் கிரிஃபித்ஸின் குழுவினர், பூட்ஸ் மருந்தகங்களில் 20 பவுணுக்கும் குறைந்த விலையில் விற்கப்பட்ட முகப்பூச்சொன்றை 60 பேரிடம் பரிசோதித்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். பன்னிரண்டு மாதங்களின் பின்னர் அதனைப் பூசியோரில் 70 வீதத்தினரிடம் சுருக்கங்கள் குறைந்திருந்தன. செயற்படு பொருள் சேர்க்கப்படாத பூச்சினால் 33 வீதத்தினரே இப்பயனை அடைந்திருப்பர் எனக் கணிக்கப்பட்டது. ஆய்வுக்கு நிதி வழங்கியது அத்தயாரிப்பாளரே என்பதையும் கூறியாக வேண்டும். எனினும் சோதனைக்கு உட்பட்டுத் தேறிய அப்பூச்சு நடுத்தர மக்களுக்கு எட்டும் விலையில் இருந்தது என்பது கவனத்துக்குரியது. அதற்கு முன்னர், அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' சஞ்சிகை 2007 ஜனவரியில் வெளியிட்ட ஒப்பீட்டில், 335 டொலர் பெறுமதியான தயாரிப்பே பலன் குறைந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. மிகச் சிறந்ததெனக் கண்டறியப்பட்ட மலிவான தயாரிப்பு கூடச் சுருக்கங்களின் ஆழத்தைச் சராசரியாக 10 வீதத்துக்கும் குறைவாகவே குறைத்தது.

விலை கூடிய பொருள் பாதுகாப்பானதாகவேனும் இருக்குமா? அமெரிக்க விற்பனைத் தளங்களில் அதிகம் விற்பனையாகும் 174 ஈரப்பசைக் கிறீம்களை ஆராய்ந்து, சிக்காகோவிலுள்ள நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தினர் 2017இல் கட்டுரையொன்றை வெளியிட்டனர். ஒரு அவுன்ஸின் விலை 10 சதத்திலிருந்து 9.51 டொலர் வரை வேறுபட்டிருந்தது. பொதுவான ஒவ்வாமைப் பொருட்கள் எவையும் இல்லாதவை 12 வீதமே. 'வாசனை சேர்க்கப்படாதது' எனக் குறிப்பிடப்பட்டவற்றில் 45 வீதமானவற்றில் வாசனைப் பொருட்களுடன் தொடர்புடைய அல்லது தாவரச் சாறுகளாலான சேர்க்கைகள் இருந்தன. ஆடம்பரக் கிறீம்களின் மனங்கவரும் நறுமணமே சிலருக்குச் சருமத் தடிப்பையும் அரிப்பையும் ஏற்படுத்தலாம்.

ஆகவே கூடுதலான விலை எதற்காகச் செலுத்தப்படுகின்றது என்பது புலனாகின்றது. கனத்த கண்ணாடிச் சாடி, நறுமணம், நட்சத்திரங்கள் தோன்றும் விளம்பரம், நகரின் மையத்திலுள்ள விற்பனைக்கூடம் ஆகியவற்றின் செலவு அதில் அடங்கியுள்ளது. உயர்ந்த விலையே ஒரு விளம்பரமாகவும் அமைந்துவிடுகின்றது. விரல்களில் பட்டுப்போல் படியும் பதத்தையும் வாசனையையும் விரும்பி, வசதி படைத்த ஒருவர் அதனை வாங்கினால் அதில் தவறேதுமில்லை. அது பட்டுச்சேலை வாங்குவதைப் போன்றதொரு விருப்பம். சருமத்தின் நலனுக்கு அது இன்றியமையாதது என நம்பிக் கடன்படுவதே தவறாகும்.

அதேவேளை, மலிவான பொருட்கள் யாவும் நல்லவை என்ற மறுதலையான முடிவுக்கும் வந்துவிடலாகாது. சில நாட்களில் சருமத்தை வெளுப்பாக்குவதாகக் கூறி, தயாரிப்பாளரின் முகவரியோ சேர்மானப் பட்டியலோ இன்றி விற்கப்படும் கிறீம்கள் ஆபத்தானவை. இவ்வகைக் கிறீம்களில் பாதரசமும் ஸ்டீரொயிட் மருந்துகளும் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் சிறுநீரகங்களைப் பாதிக்கும். வைத்திய ஆலோசனையின்றி நீண்டகாலம் பூசப்படும் ஸ்டீரொயிட் சருமத்தை மெலிவடையச் செய்யும். புகழ்பெற்ற பெயர்களைத் தாங்கிய போலிகளும் சந்தையில் உலவுகின்றன. அரை விலைக்குக் கிடைக்கும் ஆடம்பரக் கிறீம் ஐயத்துக்குரியது.

முஸ்லிம் வாசகர்களும் சைவ உணவுப் பழக்கமுடையோரும் எழுப்பும் கேள்வியொன்றும் உண்டு. கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்தும் விலங்குக் கொழுப்பிலிருந்தும் பெறப்படலாம். கொலாஜன் மீன், மாடு, பன்றி ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுகின்றது. சேர்மானப் பட்டியலில் பெயர் இருக்குமேயன்றி அதன் மூலம் பெரும்பாலும் குறிப்பிடப்படுவதில்லை. இதற்கும் விலை விடை தருவதில்லை. ஹலால் சான்றிதழையோ தாவர மூலம் என்ற குறிப்பையோ தேடிப் பார்ப்பதே வழியாகும்.

முகத்தில் சுருக்கமும் கரும்புள்ளிகளும் தோன்றுவதற்கு வயதுடன் சேர்ந்து பிரதான காரணமாவது சூரிய ஒளியாகும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், நான்கரை ஆண்டுகளாக நாளாந்தம் வெயில் தடுப்புக் கிறீம் பூசியோரிடம் சரும முதுமை 24 வீதம் குறைவாகக் காணப்பட்டது. ஆண்டு முழுவதும் வெயில் கொளுத்தும் எமது நாட்டுக்கு இது மிகவும் பொருந்தும். குடையும் தொப்பியும் நிழலும் இதற்குத் துணை செய்யும். சுருக்கங்களைக் குறைப்பதில் ஆதாரம் வலுவாக உள்ள டிரெட்டினொயின் என்ற மருந்தைச் சரும வைத்திய நிபுணரின் ஆலோசனையுடன் மாத்திரமே பாவிக்க வேண்டும். கர்ப்பிணிகள் அதனைத் தவிர்க்க வேண்டும்.

அன்றாடப் பாவனைக்கு, கிளிசரினும் பெற்றோலியம் ஜெலியும் அல்லது அவற்றையொத்த பொருட்களும் கொண்ட, வாசனை குறைந்த சாதாரண கிறீம் போதுமானது. எண்ணெய்த்தன்மையான சருமமும் முகப்பருவும் உடையோர் கனத்த கிறீம்களை விடுத்து இலகுவானவற்றைத் தெரிவுசெய்வது நன்று. முகம் கழுவியவுடன் நீரை மெதுவாக ஒற்றியெடுத்து, ஈரம் முற்றாக உலர்வதற்கு முன்னர் பூசினால் அந்நீர் சருமத்தில் தங்கும். 60,000 ரூபா கொடுத்து வாங்கிய சாடியை வீணாகிவிடுமோ என்று அஞ்சிச் சிறுகச் சிறுகத் தொட்டுப் பூசுவதை விட, மலிவான கிறீமைத் தாராளமாக நாள்தோறும் பூசுவது பயன் தரும்.

பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் வகையில் பொருட்களை விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கின்றது. பற்றுச்சீட்டைப் பெற்றுப் பாதுகாத்து வைப்பதும், ஏமாற்றப்பட்டால் அச்சபையிடம் முறையிடுவதும் நுகர்வோரின் உரிமையாகும். வாங்குவதற்கு முன்னர் சாடியைத் திருப்பிப் பின்புறத்திலுள்ள சிறிய எழுத்துகளை வாசிக்கும் பழக்கத்தை எமது வீடுகளில் ஏற்படுத்திக்கொள்வோமாயின், பெருந்தொகைப் பணமும் தேவையற்ற மனவேதனையும் மீதமாகும்.