ஒரு மணி நேரத்தில் இரத்தம் சொல்லும் சேதி தெரியுமா?

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் ஒருவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறதா? மாதக்கணக்காக மூட்டு உழைகிறதா? வைத்தியர் எழுதித் தரும் துண்டில் அநேகமாக இந்த இரண்டும் இருக்கும்: ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. உடம்பின் எந்த மூலையில் அழற்சி மூண்டாலும் இந்த இரண்டு எண்களும் பெரும்பாலும் எகிறிவிடும். கை, கால் என்றால் வீக்கமும் சிவப்பும் கண்ணுக்கே தெரியும். நுரையீரலுக்குள், முள்ளந்தண்டுக்குள், இதய வால்வுக்குள் நடப்பதை யார் காண்பது? இரத்தம்தான் காட்டிக்கொடுக்கிறது!

ஈ.எஸ்.ஆர். பார்ப்பது எவ்வளவு எளிது தெரியுமா? 200 மில்லிமீற்றர் வரை கோடு போட்ட ஒடுக்கமான ஒரு குழாய். நான்கு பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சோடியம் சித்திரேற்றுக் கரைசல் கலந்து, உறையாமல் செய்து, குழாயில் ஏற்றிச் செங்குத்தாக நிறுத்திவிடுவார்கள். சிவப்பணுக்கள் மெல்ல மெல்ல இறங்கும். மேலே இளமஞ்சள் நீர் தெளியும். சரியாக ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தெளிவின் உயரத்தை அளந்தால் அதுதான் ஈ.எஸ்.ஆர். மின்சாரம்கூடத் தேவையில்லை!

அழற்சி வந்தால் ஏன் வேகமாக இறங்குகின்றன? சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. அதனால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கும். அழற்சி வந்ததும் ஈரல் பைபிரினோஜன் என்ற புரதத்தை அள்ளிக் கொட்டுகிறது. அது அந்தத் தள்ளுவிசையைக் குறைத்துவிட, அணுக்கள் சில்லறைக் காசை அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, பாரம் கூடி, வேகமாகக் கீழே போகின்றன. குழாய் வெறும் 3 பாகை சரிந்து நின்றாலே அளவு ஏறத்தாழ 30 சதவீதம் கூடிக் காட்டிவிடுமாம்! நம்மூர்ச் சித்திரை வெயிலும் எண்ணை ஏற்றிவிடும். ஆகவே குழாயை நேராக, வெயில் படாத இடத்தில் நிறுத்தும் அந்த லாப் ஊழியரின் கவனத்தில்தான் ஒரு நோயாளியின் அடுத்த ஆறு மாதம் தங்கியிருக்கிறது.

1897இல் போலந்து நாட்டு வைத்தியர் எட்மண்ட் பியர்நாட்ஸ்கி இதை முதலில் எழுதினார். சுவீடனின் றொபின் ஃபோறேயஸ் 1918இல் கர்ப்பிணிகளின் இரத்தம் விரைவாக இறங்குவதைக் கண்டு, கர்ப்பம் அறியும் சோதனையாகவே இதைப் பயன்படுத்த நினைத்தார்! 1921இல் அதே நாட்டின் அல்ஃப் வெஸ்டர்கிறென் அதைக் காசநோயாளரிடம் பார்த்து முறைப்படுத்தினார். அவர் பெயரிலான குழாய்தான் இன்றும் லாப்களில் நிற்கிறது.

இந்தச் சோதனை இல்லாத காலத்தில், சண்டிலிப்பாய்க்குப் பக்கத்து ஊரான மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலும் மருத்துவம் கற்பித்து, அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தபோது பியர்நாட்ஸ்கி பிறக்கவேயில்லை. நாடி, நாக்கு, தொட்டுப் பார்த்த சூடு: அந்த வைத்தியர்களுக்குக் கிடைத்த தடயங்கள் பெரும்பாலும் இவ்வளவே. இன்று ஒரு சிறங்கை இரத்தம்கூட வேண்டாம், சில மில்லிலீற்றர் போதும்.

இனி சி.ஆர்.பி.! 1930இல் நியூயோர்க்கின் றொக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெற்றும் தோமஸ் பிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். நோய் உச்சத்தில் இருக்கும்போது தோன்றும் ஒரு பொருள், குணமானதும் மாயமாகிவிட்டது! அதுவும் ஈரல் சுரக்கும் புரதமே. ஆரோக்கியமானவரிடம் பொதுவாக லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழ். கிருமி தாக்கினால் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சம் தொடும். ஆயிரம் மடங்கு வரைகூட உயரும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பெரிதாக உருமாறாத குதிரைலாட நண்டின் இரத்தத்திலும் இதன் உறவுப் புரதம் ஓடுகிறது. எவ்வளவு பழைய காவல்!

2024 டிசம்பரில் யாழ். மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தபோது, என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் சனம் கலங்கியது நினைவிருக்கும். மாரியில் இங்கே டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் மூன்றும் ஒரே முகத்தோடு வரும். டெங்கில் சி.ஆர்.பி. பொதுவாக அதிகம் ஏறாது. எலிக்காய்ச்சலில் பெரும்பாலும் நன்றாக ஏறும். அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, இரத்தத்தட்டு எண்ணிக்கையும் மற்றச் சோதனைகளும் வேண்டும். ஆனாலும் எந்தப் பக்கம் தேடுவது என்று அந்த எண் கைகாட்டிவிடுகிறது.

தொண்டை நோவு வந்து இரண்டு மூன்று வாரத்தில் ஒரு பிள்ளைக்கு முழங்கால் வீங்கி, அது வற்ற மணிக்கட்டு வீங்கினால்? வாதக் காய்ச்சலாக இருக்கலாம். அது இதய வால்வைத் தின்னும் நோய். அதைத் தீர்மானிக்கும் விதிகளில் இந்த இரண்டு சோதனைகளுக்கும் இடம் உண்டு. நேரத்தோடு பிடித்தால் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி இதயத்தைக் காக்கும். அந்த ஊசியைத் தவறவிடக் கூடாது என்று எத்தனை தரம் சொன்னாலும் தகும்.

வயதான ஒருவர் முதுகு நோவென்று பனடோல் போட்டுக்கொண்டே காலம் கடத்துகிறார், ஈ.எஸ்.ஆர். 100ஐத் தாண்டுகிறது. இந்த இடத்தில் வைத்தியர் நிமிர்ந்து உட்காருவார்! முள்ளந்தண்டில் காசநோயா, எலும்பு மச்சைப் புற்றுநோயான மைலோமாவா என்று தேடுவார். மறுபக்கம், 70 வயது ஆச்சிக்கு 40 வந்தால் பதற வேண்டியதில்லை. பெண்களுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதியாக்க வேண்டும், ஆண்களுக்கு வயதில் பாதி. அதுவரை வழமை என்பது வைத்தியர்களின் மனக்கணக்கு. இரத்தச்சோகையும் கர்ப்பமும்கூட இந்த எண்ணை உயர்த்தும்.

இரண்டும் முரண்பட்டால் இன்னும் வியப்பு! ஈ.எஸ்.ஆர். உச்சத்தில், சி.ஆர்.பி. தரையில், நோயாளி மூட்டு நோவும் முகத்தில் தடிப்பும் உள்ள இளம்பெண் என்றால், உடம்பே தன்னைத் தாக்கும் லூபஸ் நோயை நினைப்பார்கள். லூபஸ் உள்ளவருக்குத் திடீரெனச் சி.ஆர்.பி.யும் பாய்ந்தால் கிருமித்தொற்று புகுந்துவிட்டதோ என்று தேடத் தொடங்குவார்கள்.

நல்ல பெறுபேறு வந்தாலும் நோயில்லை என்று அர்த்தமில்லை. கூடிய பெறுபேறும் நோயின் பெயரைச் சொல்வதில்லை. “எண் ஏன் ஏறியிருக்கு டொக்டர்?” என்று கட்டாயம் கேளுங்கள். அதைக் குறைக்கவென்று மட்டும் குளுசை வாங்கிப் போடாதீர்கள்.

அழற்சி அடங்கினால் சி.ஆர்.பி. இரத்தத்தில் ஏறத்தாழ 19 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். அதனால் மருந்து வேலைசெய்கிறதா என்பது வாட்டில் இரண்டு மூன்று நாளிலேயே தெரிந்துவிடும். ஈ.எஸ்.ஆர். இறங்கவோ வாரங்கள் ஆகும். இன்றைய எண்ணைவிட, போன மாதத்து எண்ணோடு ஒப்பிட்டால் அது எங்கே நிற்கிறது என்பதே வைத்தியருக்கு வேண்டும். பழைய றிப்போட்டுகளைத் திகதி வாரியாக அடுக்கிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போங்கள்.