மரப்பெட்டியும் விதைப் பொட்டலமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்கு வேண்டிய இயந்திர உறுப்புகளில் பல, கப்பல் மார்க்கமாய்ச் சென்னைக்கும் எண்ணூருக்கும் வந்து, அங்கிருந்து லாரிகளில் கொண்டுவரப்படுகின்றன. உறுப்புகள் ஆலைக்குள் போய்விடும். அவற்றைத் தாங்கி வந்த மரப்பெட்டிகளோ, பழஞ்சாமான் வியாபாரிகள் மூலமாய்க் கிராமத்து மாட்டுக்கொட்டகைக்கும் அடுப்புக்கும் வந்து சேர்வதுண்டு. மரம் மலிவாய்க் கிடைப்பது நன்மையே. ஆயினும் அதனுள் மறைந்து வரக்கூடிய புழுவைப்பற்றிச் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

சீன தேசத்து மரப்பெட்டிகளில் வந்த நீள்கொம்பு வண்டு 1996-ம் வருஷம் நியூயார்க் நகரில் காணப்பட்டது. அதை ஒழிப்பதற்காக ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட நேர்ந்தது. அயல்நாட்டுப் பூச்சியால் விளையும் கேட்டை நம்மவர்களும் அறிவார்கள். மெக்ஸிகோ முதலிய தேசங்களுக்குரிய பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயமுத்தூரில் தோன்றி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகிய பயிர்களைப் பாழாக்கிற்று. 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அதன் சத்துருவான சிறு குளவிகளைத் தருவித்து, சோதித்து, பெருக்கி விட்ட பின்னரே அது அடங்கிற்று.

இவற்றைத் துறைமுகத்திலேயே தடுக்கலாகாதா என்று கேட்கலாம். அதற்கென 1914-ம் வருஷத்துச் சட்டமும், 2003-ம் வருஷத்து உத்தரவும் உள்ளன. ஆனால் எக்ஸ்ரே கருவி இரும்பைக் காட்டுமேயன்றி, பூச்சியின் முட்டையையும் பூஞ்சண வித்தையும் காட்டாது. வந்திறங்கும் பெட்டிகளோ எண்ணிறந்தவை. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தால் ஆலைகள் நின்றுவிடும். ஆகையால் சிலவற்றை மாத்திரம் பொறுக்கிச் சோதிக்கிறார்கள். இக்குறையை நிவர்த்திக்கவே, பெட்டி மரத்தை ஏற்றுமதிக்கு முன்னரே, அதன் நடுப்பாகம் 56 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் 30 நிமிஷம் இருக்கும்படி சூடாக்கியோ, விஷப்புகை காட்டியோ, கோதுமைக்கதிர் முத்திரையிட வேண்டுமென்று சர்வதேச விதி ஏற்பட்டது.

தபாலிலும் இதே கஷ்டமுண்டு. 2020-ல் அமெரிக்காவில் பலருக்கு, அவர்கள் கேளாமலே விதைப் பொட்டலங்கள் வந்தன. அவற்றுள் பலவற்றின்மேல் நகை என்று எழுதியிருந்தது. மேலெழுத்து பொய்யானால் சோதிப்பவர் என்ன செய்வார்? அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நமது மத்திய சர்க்காரும் இதுபற்றி ராஜ்யங்களுக்கு எச்சரிக்கை அனுப்பினர்.

ஆகவே பெட்டியையும் பொட்டலத்தையும் கடைசியாகத் திறப்பவரே கடைசிக் காவற்காரர். அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை இவை: கதிர் முத்திரையில்லாத அயல்நாட்டுப் பெட்டி மரத்தை வாங்கலாகாது. முத்திரை இருப்பினும், மரத்தில் உருண்டைத் துளையும் புதிய மரத்தூளும் தென்பட்டால், அதைத் தோப்பருகே அடுக்காமல் தனியே வைத்து, வேளாண்மை அதிகாரிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கேளாமல் வந்த விதையை விதைக்கவும் வேண்டாம், குப்பையில் எறியவும் வேண்டாம். உறையுடன் வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒருவர் அசட்டையாயிருப்பின் நஷ்டம் அவரோடு நிற்பதில்லை; பூச்சிக்கு வரப்பு தெரியாது.