பள்ளிவாசல் முதல் அரிச்சல்முனை வரை

மூணாறுக்கு பைக்கில் போகிறவர்களில் பலருக்குப் பள்ளிவாசல் என்பது ஊர் வந்துவிட்டது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். அங்கே வண்டியை ஓரங்கட்டச் சொல்வேன். சித்திராபுரம் பக்கம் மலைச்சரிவில் தடித்த இரும்புக் குழாய்கள் செங்குத்தாக இறங்குகின்றன. கேரள மண்ணின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் ஓடத் தொடங்கியது அவற்றின் அடிவாரத்தில்தான். முதிரப்புழை ஆற்றின் தண்ணீர் அதை இயக்குகிறது.

இந்தச் சாலைக்கு ஒரு பூர்வகதை உண்டு. முன்பு ஆலுவாவிலிருந்து மூணாறுக்குப் பாதை பூயங்குட்டி, மாங்குளம் காடுகள் வழியாகப் போனது. 1924 ஜூலையில் அடித்த பெருவெள்ளம் அந்தப் பாதையைக் கொண்டுபோனது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை சுமந்து ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் அதோடு போயிற்று. அதன் ஸ்டேஷன் கட்டடம் இன்று தேயிலை நிறுவனத்தின் அலுவலகம். பிறகு நேரியமங்கலம், அடிமாலி, பள்ளிவாசல் என்று புதுத்தடம் போட்டார்கள். பெரியாற்றின் மேல் நேரியமங்கலத்து வளைவுப் பாலம் 1935இல் திறந்தது. இன்று நாம் ஆக்ஸிலரேட்டரைத் திருகுவது அந்தத் தடத்தின் மேல்தான்.

பழைய கணக்கில் இது தேசிய நெடுஞ்சாலை 49. கொச்சியில் தொடங்கி தனுஷ்கோடியில் முடியும். ஒரு முனையில் அரபிக்கடல், மறுமுனையில் வங்கக்கடல், நடுவில் மலை. மூணாறு மட்டும் பார்த்துவிட்டு வந்தவழியே திரும்புவது, என் பார்வையில், இந்தச் சாலையைப் பாதியில் விடுவது. இதை முழுசாக ஓட்ட வேண்டும்.

தேவிகுளம் தாண்டினால் கேப் ரோடு. ஒரு பக்கம் குடைந்தெடுத்த பாறை, மறுபக்கம் கண்ணுக்கெட்டும் வரை பள்ளத்தாக்கு. சாலையை அகலப்படுத்தும்போது 2019இலும் 2020இலும் இங்கே மலை சரிந்து போக்குவரத்து நின்றது. இப்போது வழுவழுவென்று அகலமாக இருப்பதால் எண்பதில் விரட்டுகிறார்கள். மழைக்காலத்தில் கல் உருளும் இடம் இது. மூடுபனி இறங்கினால் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். செல்ஃபிக்காகப் பாறைச் சரிவின் அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள். பெரியகானல் அருவியைத் தாண்டி, ஆனையிறங்கல் அணைப் பக்கம் யானைகளின் நடமாட்டம் உண்டு. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக் கொண்டுபோனது இந்தச் சின்னக்கானல் பகுதியிலிருந்துதான். பொழுது சாய்வதற்குள் பூப்பாறையைக் கடந்துவிடுவது நல்லது.

மாநில எல்லையான போடிமெட்டில் காற்றே மாறிவிடும். ஏலக்காய் வாசனையோடு வந்த குளிர் நின்று, கீழேயிருந்து தேனிச் சமவெளியின் அனல் முகத்தில் அடிக்கும். அடிவாரத்து முந்தல் வரை கொண்டை ஊசி வளைவுகள். இங்கே பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது. இரண்டாவது கியரில் விட்டு, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். நியூட்ரலில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைத்து, பாதி மலையில் டிஸ்க் சூடேறி, லிவர் தொளதொளவென்று போய் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விடிகாலையில் எதிரே ஜீப்புகள் ஏறிவரும். போடி வட்டார ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், மடியில் தூக்குவாளியும் தலையில் துண்டுமாக, இடம் கொள்ளாமல் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் அதே ஜீப்புகள் இறங்கும். மாநில எல்லை அவர்களுக்கு அன்றாடம் இரண்டுதரம் கடக்கிற இடம். மேட்டில் ஏறும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் வளைவில் ஆக்ஸிலரேட்டரைக் குறைக்காமல், ஹாரனை அலறவிட்டு அந்த ஜீப்புகளை ஓரத்துக்குத் தள்ளும் பைக் கூட்டத்தைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. நாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்; அவர்கள் கூலிக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டியவர்கள்.

மலை இறங்கி, மதுரையைக் கடந்து ராமநாதபுரம் தாண்டினால் இருபுறமும் உடைமரக்காடு. 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் குறுக்குக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஹேண்டிலை இறுக்காமல் உடம்பைத் தளர்த்திப் போங்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடியும், அங்கே பயணிகளோடு வந்த ரயிலும் கடலுக்குப் பலியாயின. மலைமுனையில் வெள்ளம் கொண்டுபோன ரயிலுக்கு இணையாகக் கடல்முனையில் இன்னொன்று. இடிந்த தேவாலயம் இன்றும் நிற்கிறது. தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை வரையான தார்ச்சாலை 2017இல்தான் திறந்தது. காற்றுக்காலத்தில் அதன்மேல் மணல் ஏறிக் கிடக்கும். அதில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி வழுக்கும். சாயங்காலத்துக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். அதனால் முந்தின இரவு ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ தங்கிவிட்டு, காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.