அட்டவணைக்குள் அடங்காத பாம்பே குரூப்

அப்பா ‘ஏ’, அம்மா ‘ஓ’ என்றால் பிள்ளைக்கு ‘ஏ’ அல்லது ‘ஓ’தான் வரும். பள்ளியில் படித்த இந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கும். பிள்ளைக்கு ‘ஏபி’ என்று ரிப்போர்ட் வந்துவிட்டால்? தாயைச் சந்தேகிக்கத் துணிகிறவர்கள், மும்பையில் கண்டறியப்பட்ட ஒரு ரத்த வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1952-ல் மருத்துவர் ஒய்.எம். பெண்டேயும் சக ஆய்வாளர்களும் ‘லான்செட்’ இதழில் அறிவித்த அந்த வகையின் பெயர், பாம்பே குரூப்.

ஏ, பி என்பவை சிவப்பணுவின் மேல் ஒட்டும் சர்க்கரைகள். அவை நேரடியாக ஒட்டுவதில்லை. கீழே ‘எச்’ என்ற அடித்தளம் வேண்டும். ஏ, பி-யைத் தீர்மானிக்கும் மரபணு 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, எச்-சுக்குரியது 19-ஆவதில். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நமக்கு எச் மரபணு இரண்டு. ஒன்று சரியாக இருந்தாலே போதும். ஒருவருக்கு இரண்டுமே பழுதானால், பி மரபணு இருந்தும் பி ஒட்ட இடமில்லை. இவர்தான் பாம்பே குரூப். சாதாரண சோதனை அவரை ‘ஓ’ என்றே சொல்லும்.

முதலில் சொன்ன ‘ஓ’ தாய் இப்படிப்பட்டவரானால், அவரிடம் உள்ள பி மரபணு அழிந்துவிடவில்லை. அது பிள்ளைக்குப் போகலாம். தந்தையிடமிருந்து நல்ல எச் கிடைத்ததும் பி வெளிப்படும். தந்தையின் ஏ-யும் சேர்ந்தால் ‘ஏபி’. தாய் மேல் ஒரு குற்றமும் இல்லை. ரிப்போர்ட்தான் முழுமையில்லை.

பெற்றோர் இருவருமே ஒரு நல்ல எச், ஒரு பழுதான எச் வைத்திருந்தால், ஒவ்வொரு பேறுகாலத்திலும் பிள்ளை பாம்பே குரூப்பாக நாலில் ஒரு வாய்ப்பு. முதல் மூன்று பிள்ளைகள் தப்பினார்கள் என்பதால் நாலாவதற்கு அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்திலேயே சம்பந்தம் செய்யும்போது, ஒரே தாத்தாவின் பழுதான மரபணு இருபுறமும் வந்து சேர வழி அதிகம்.

பாம்பே குரூப் ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவருக்கு. இந்தியாவில் சுமார் பத்தாயிரத்தில் ஒருவருக்கு. மும்பையில் மெட்ரோவும் லோக்கலும் சந்திக்கும் காட்கோபர் ஸ்டேஷனின் அன்றாடக் கூட்டத்தில், தெரியாமலே இந்த ரத்தத்தோடு நடப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

தெரிந்துகொள்வது உயிர் காரியம். இவர்களின் ரத்தநீர் எச்-சையே அந்நியமாக எதிர்க்கும். எச் நிறைந்த ‘ஓ’ ரத்தம் ஏற்றினால் ஆபத்து. ரத்தநீரை ‘ஓ’ அணுக்களோடு கலந்து பார்த்தால், அணுக்கள் திரண்டு உண்மை தெரியும். பாம்பே குரூப் என்று உறுதியானவரின் உடன்பிறந்தவர்களையும் சோதித்துவிட வேண்டும். அவசரத்தில் இவருக்கு ரத்தம் தரக்கூடியவரைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் அந்த வீடுதான்.