ஏழு கொள்ளையரும் நூறு பொற்காசும்

2024 மார்ச் மாதம், பள்ளியில் பெற்றோர் சந்திப்பு மாலை. என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த அம்மா மகளின் கணித மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. கைப்பைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்து வைத்தார். கோடிங் வகுப்பு விளம்பரம். ஆறு வாரம், 900 பவுண்ட்.

“ரீச்சர், இவள் கம்பியூட்டர் சயன்ஸ் படிக்கவேணும் எண்டு நிக்கிறாள். கேம்பிரிட்ஜ், இம்பீரியல் எண்டு பெரிய பெரிய பேராச் சொல்லுறாள். எங்கட பக்கத்து வீட்டுப் பெடியன் பத்து வயசில இருந்து கோடிங் செய்யிறான். இவளுக்கு ஒண்டும் தெரியாது. இதில சேர்த்துவிட்டால் ஒக்டோபருக்குள்ள சரிவருமோ?”

மகள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை செய்பவர். 900 பவுண்ட் என்றால் அவருக்கு எத்தனை இரவு என்று எனக்குத் தெரியும்.

“காசைக் கையில வைச்சிருங்கோ அக்கா. பிள்ளையிட்ட ஒரு கணக்குக் கேக்கப்போறன். பிறகு கதைப்பம்” என்றேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். கிழக்கு லண்டனில் ஓர் அரசுப் பள்ளியில், பள்ளி இறுதிப் பரீட்சையான ஏ லெவலுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். நான் அன்று கேட்ட கணக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமே தன் கம்ப்யூட்டர் சயன்ஸ் நேர்காணலுக்கு மாதிரியாக வெளியிட்ட ஒன்று.

ஏழு கடற்கொள்ளையர். நூறு பொற்காசு. மூத்தவன் பங்கு பிரிக்கும் திட்டத்தைச் சொல்ல வேண்டும். அவனையும் சேர்த்து எல்லோரும் வாக்களிப்பார்கள். பாதியோ அதற்கு மேலோ ஒப்புக்கொண்டால் அதுதான் பங்கு. இல்லாவிட்டால் அவனைக் கடலில் தள்ளிவிட்டு அடுத்த மூத்தவன் திட்டம் சொல்வான். எல்லோரும் கெட்டிக்காரர்கள், எல்லோருக்கும் தன் பங்கின் மீது மட்டுமே கண். மூத்தவன் என்ன சொல்ல வேண்டும்?

“ஆளுக்குப் பதினாலு, மிச்சம் ரெண்டு” என்றார் அம்மா உடனே. மகள் பேசவில்லை. ஏழு வட்டம் போட்டாள், அடித்தாள், மறுபடி போட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து, “ஏழு பேரை விடு. கடைசியில ரெண்டே ரெண்டு பேர்தான் மிஞ்சினம் எண்டால்?” என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்தாள். இரண்டு பேர் என்றால் மூத்தவன் நூறையும் தானே எடுத்துக்கொள்வான். அவனுடைய ஒரு வாக்கே பாதி, இளையவனுக்கு ஒன்றுமில்லை. மூன்று பேர் என்றால்? அந்த இளையவன், மூத்தவன் கடலில் விழுந்தால் தனக்குச் சுழியம் என்று அறிவான். ஆகவே ஒரு காசு கொடுத்தாலே அவன் வாக்கு கிடைத்துவிடும்: 99, 0, 1. நான்கு பேர் என்றால், மூன்று பேர் கட்டத்தில் வெறுங்கையோடு நிற்கப்போகிறவனுக்கு ஒரு காசு: 99, 0, 1, 0. இப்படியே ஒவ்வொரு படியாக ஏறி ஏழுக்கு வந்தாள். மூத்தவனுக்கு 97, மற்றவர்களுக்கு வரிசையாக 0, 1, 0, 1, 0, 1. பென்சிலை வைத்துவிட்டுச் சிரித்தாள். அடுத்த பெற்றோர் கதவருகே காத்து நின்றார்கள். நான் கவனிக்கவே இல்லை.

பெரிய சிக்கலை அதே வகையான சிறிய சிக்கலாகக் குறைத்து, மிகச் சிறியதைத் தீர்த்து, அங்கிருந்து திரும்பி ஏறி வருவதற்குக் கம்ப்யூட்டர் சயன்ஸில் ரிகர்ஷன் என்று பெயர். முதல் வருடப் பாடத்தின் முதுகெலும்பு அது. ஒரு வரி கோடு எழுதத் தெரியாத பிள்ளை, பெற்றோர் மாலையின் இரைச்சலுக்கு நடுவே அதைச் செய்து முடித்திருந்தாள்.

இந்தத் துறை பிறந்ததும் இப்படித்தான். கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936இல் கேம்பிரிட்ஜில் இருந்து தன் புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை எழுதியபோது, உலகில் மின்னணுக் கணினி ஒன்றுகூட இல்லை. எதைக் கணக்கிட முடியும், எதை ஒருபோதும் முடியாது என்று தாளில் நிறுவினார். இயந்திரம் பிறகுதான் வந்தது. கேம்பிரிட்ஜ் இன்றும் தன் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்புக்கு ஏ லெவலில் கணிதத்தைத்தான் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. ஃபர்தர் மேத்ஸ் என்ற மேல்நிலைக் கணிதமும் இருந்தால் நல்லது என்கிறது. கோடிங் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை.

இலங்கையில் படித்த பெற்றோருக்கு இதை விளக்குவது எளிதில்லை. அங்கே பரீட்சை எழுதி இசட் ஸ்கோர் என்ற தரப்புள்ளி வந்தால் முடிவும் வந்த மாதிரி. இங்கே யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான். அவற்றுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. ஏ லெவல் பரீட்சை நடக்கும் முன்பே, எதிர்பார்க்கும் மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பம் போகிறது. அதோடு நுழைவுத் தேர்வு, டிசம்பரில் நேர்காணல். கேம்பிரிட்ஜும் இம்பீரியலும் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு வைப்பது டி.எம்.யூ.ஏ. என்ற தேர்வு. இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 20 கேள்வி, 75 நிமிடம், கால்குலேட்டர் கிடையாது. முதல் தாள் பள்ளிக் கணிதம். இரண்டாம் தாளில்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். ஒரு நிறுவலைக் கொடுத்து எந்த வரியில் பிழை என்று கேட்பார்கள். ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்பதும் ‘அது நடந்தால்தான் இது நடக்கும்’ என்பதும் ஒன்றா என்று கேட்பார்கள். ஆறு வாரக் கோடிங் வகுப்பு இதற்கு உதவாது. பழைய தாள்களை இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம்.

இதெல்லாம் எனக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பெடியன் இதே கேள்வியோடு வந்தான். கணிதத்தில் என் வகுப்பில் அவனுக்கு மிஞ்சி ஆள் இல்லை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. “கோடிங் இல்லாமல் கம்ப்யூட்டர் சயன்ஸுக்குப் போட்டால் எடுக்க மாட்டார்கள். வேறு பாடம் பார்” என்று நான் சொன்னேன். விசாரித்துப் பார்க்காமல், ஒரு நிமிடத்தில் சொன்ன வார்த்தை. அவன் என்னை நம்பினான், வேறு பாடம் எடுத்தான். இரண்டு வருடம் கழித்துத் தற்செயலாக ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தை வாசித்தபோதுதான் தெரிந்தது, கோடிங் அனுபவம் தேவையில்லை என்று அவர்கள் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மார்ச் மாலையில் நான் அவ்வளவு உறுதியாகப் பேசியதற்கு அவன்தான் காரணம்.

கோடிங் தெரியாமல் வளர்வது பிள்ளையின் குற்றமும் இல்லை. இங்கிலாந்துப் பள்ளிகளில் வெகுகாலம் ஐ.சி.டி. என்ற பெயரில் கடிதம் தட்டவும் அட்டவணை போடவும்தான் கற்பித்தார்கள். 2012இல் ராயல் சொசைட்டி இந்த நிலையைக் கடுமையாகச் சுட்டிக்காட்டி அறிக்கை வெளியிட்டது. 2014 செப்டம்பரில் கம்ப்யூட்டிங் என்ற புதுப் பாடத்திட்டம் வந்தது. ஆனாலும் கற்பிக்க ஆசிரியர் கிடைக்க வேண்டுமே. ஏ லெவல் கம்ப்யூட்டர் சயன்ஸ் எல்லாப் பள்ளியிலும் இல்லை, எங்கள் பள்ளியிலும் இல்லை. பல்கலைக்கழகங்கள் அதைக் கட்டாயமாக்கினால், வசதியான பள்ளிப் பிள்ளைகள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

பல்கலைக்கழகத்துக்குள் போன பிறகும் ஓர் ஏற்பாடு உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கேம்பிரிட்ஜில் முதலில் கற்பிக்கும் மொழி ஓகாமல். ஆக்ஸ்ஃபோர்டிலும் இம்பீரியலிலும் ஹாஸ்கல். கணிதச் சார்புகளைப் போலவே நிரல் எழுதும் மொழிகள் இவை. பள்ளிப் பிள்ளைகள் பழகிய பைத்தானின் லூப் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) போன்ற பழக்கங்கள் இங்கே பெரிதாகக் கை கொடுக்காது. எட்டு வருடம் கோடிங் செய்த பெடியனும் நேற்றுத் தொடங்கிய பிள்ளையும் முதல் நாள் ஒரே வெள்ளைத் தாளோடு உட்காருவார்கள்.

அதற்காகக் கோடிங்கைத் தொடவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் செய்யப்போகிற வேலையைக் கொஞ்சமாவது செய்து பார்க்காமல், எனக்கு அதில் ஆசை என்று எழுதுவது நேர்மையில்லை. ‘பிரொஜெக்ட் ஆய்லர்’ என்ற இலவசத் தளத்தின் முதல் கேள்வியை அவளுக்குக் கொடுத்தேன்: 1000க்குக் கீழே 3ஆலோ 5ஆலோ வகுபடும் எண்களின் கூட்டுத்தொகை என்ன? அடுத்த நாள் தாளில் விடை கொண்டுவந்தாள். மூன்றின் மடங்குகளைக் கூட்டினாள், ஐந்தின் மடங்குகளைக் கூட்டினாள், இரண்டிலும் வந்துவிட்ட பதினைந்தின் மடங்குகளை ஒரு தரம் கழித்தாள். 233168. கூட்டுத்தொடர் சூத்திரம்தான், வகுப்பில் படித்தது. பிறகு பள்ளி நூலகக் கம்ப்யூட்டரில் பைத்தானில் நாலு வரி எழுதினாள். அதே விடை.

“இப்ப ஆயிரத்துக்குப் பதிலா, ஒண்டுக்குப் பின்னால பதினெட்டுச் சுழியம் போடு” என்றேன். நிரல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் எண்ணாகச் சோதிக்கும் நிரல் அது. நொடிக்கு நூறு கோடி எண்ணைச் சோதித்தாலும் முடிக்க 31 வருடத்துக்கு மேல் ஆகும். அவளுடைய தாள் சூத்திரத்துக்கு அரை நிமிடம் போதும். “அப்ப என்ர கணக்குத்தான் நல்ல புரோகிராமா, மிஸ்?” என்று கேட்டாள்.

அவளுடைய விண்ணப்பக் கடிதத்தின் நடுப்பகுதி அந்தக் கேள்விதான். முதல் வரைவு ‘சிறு வயது முதலே எனக்குக் கணினி மீது தீராத ஆர்வம்’ என்று தொடங்கியது. அதை அடித்தேன். செய்த ஒரு காரியத்தை எழுது, எங்கே திகைத்தாய், எப்படித் தெளிந்தாய் என்று எழுது என்றேன். அப்போது இடைவெளி உட்பட 4000 எழுத்துக்குறிகளில் ஒரே கட்டுரை. 2026 சேர்க்கையிலிருந்து அதே அளவை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: ஏன் இந்தப் படிப்பு, படித்தவை எப்படி உன்னைத் தயார் செய்தன, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். இளையவர்களைப் பார்த்துக்கொள்வதும் கடையில் வேலை செய்வதும் மூன்றாம் கேள்விக்கு நல்ல பதில்கள்தான். நம் பிள்ளைகள் அதை எழுத வெட்கப்படுகிறார்கள், நான் எழுத வைக்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கோடிங் பிடிக்கும், கணிதம் பிடிக்காது என்கிற பிள்ளைக்குத்தான் இந்த இடங்கள் உண்மையில் கஷ்டம். அவர்களுக்குச் சம்பளத்தோடு படிக்கும் டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப் போன்ற நல்ல வழிகள் உண்டு. பெயருக்காக இங்கே தள்ளாதீர்கள்.

செப்டம்பரில் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. “அவங்கள் எல்லாரும் எனக்கு முன்னாலயே போயிட்டாங்கள், மிஸ்” என்றாள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொன்னேன். 1995இல் அங்கே கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம். ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் நான்கு வருடம் மாணவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். முன்பே கோடிங் பழகிய பையன்களைப் பார்த்து, தங்களுக்கு இது வராது என்று பெண்கள் நம்பிவிடுவதைக் கண்டார்கள். தொடக்கத்தில் இருந்த அனுபவ இடைவெளி கடைசிவரை நிற்பதில்லை என்பதையும் கண்டார்கள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் பிரிவின் டீனாக இருந்தவர் ராஜ் ரெட்டி, சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். சேர்க்கையில் கோடிங் அனுபவத்துக்குக் கொடுத்த எடையை அங்கே எடுத்துவிட்டார்கள். அனுபவத்துக்கு ஏற்றபடி முதல் பாடத்தையும் பல நிலைகளாகப் பிரித்தார்கள். 2000இல் சேர்ந்தவர்களில் பெண்கள் 42 சதவீதம்.

அவள் அந்த இரண்டு எண்களையும் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனாள்.

டிசம்பரில் நேர்காணல் இணையவழியில் நடந்தது. அம்மா இரவு வேலை முடிந்து வந்து, தூங்காமல், அறைக்கதவுக்கு வெளியே நின்றாராம். ஐந்து இடங்களில் இரண்டு இடங்கள் இல்லை என்றன. அவள் மிகவும் ஆசைப்பட்ட ஒன்று அந்த இரண்டில் இருந்தது. ஒரு வாரம் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. மற்ற மூன்றில் ஒன்றை ஏற்றுக்கொண்டாள். அதுவும் சின்ன இடமில்லை.

2025 அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை அம்மாவின் தொலைபேசியிலிருந்து அழைத்தாள். விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

“மிஸ், இந்தக் கிழமை ரிகர்ஷன் படிப்பிச்சவை. பக்கத்தில இருக்கிற பெடியன் கன வருசமா கோடிங் செய்தவன். அவனுக்கு லூப் இல்லாமல் எப்பிடி எண்டு விளங்கேல்லை. என்னட்டைக் கேட்டவன்.”

“நீ என்ன சொன்னனீ?”

“ஏழு பேரை விடு, ரெண்டு பேரில இருந்து தொடங்கு எண்டு சொன்னன்.”